கிறித்தவ நெறியில் அருளின் பொதுமை

இறைவன் திருவருள் உயிர்கள் எல்லாவற்றையும் நோக்கியது என்பதைச் சைவர் ஐயுறுவதில்லை. கிறித்தவரும் தம் இறைவனைப் பற்றி அவ்வாறே கூறுவர். ஆயின், ‘யாவர்க்கும்’ என்னும் அச்சொல்லின் எல்லை யாது என்பது பற்றி அந்நெறியாளரிடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக வழக்கொன்று நிகழ்ந்து வந்துள்ளது. அவ்வழக்கின் அண்மைக்காலப் பகுதியொன்று உரோமாபுரியிலே தீர்ப்புரைக்கப்பட்டதாயினும், கொழும்பு மாநகரிலேயே எழுந்ததென்பதை நம்மவருட் பலர் அறியார்.

முதற்கண் சொல்லை நோக்குதல் தகும். இலத்தீன் மொழியிற் ‘கிராசியா’ எனப்படுவதைப் பண்டைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பிரியதத்தம்’ என்றும் ‘இட்டப்பிரசாதம்’ என்றும் வழங்கினர். புரட்டஸ்தாந்தர் ‘கிருபை’ என்றனர். இருசாராரும் கூடி ஆக்கி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு ‘அருள்’ என்னும் நம் சொல்லையே மேற்கொண்டது. பிரியதத்தம் என்பது அழகியதொரு மொழியாக்கம். பிரியத்தினாலே தத்தம் செய்யப்பட்டது, அஃதாவது உழைத்துப் பெற்ற கூலியன்று, அன்பினால் ஈந்த கொடை என்பது பொருள். கிறித்தவர் அருள் என்று எதனைக் கருதுகின்றனர் என்பது அந்தப் பழஞ்சொல்லிலே தெளிவாக அடங்கியுள்ளது.

கொடையாயின், எவர்க்குக் கொடுக்கப்பட்டது? யேசுநாதர் யூத குலத்திற் பிறந்து யூதர் நடுவே போதித்தவர். அவர் சீடரும் யூதரே. கடவுள் நல்லோர்மேலும் தீயோர்மேலும் ஒருபடித்தாகவே கதிரவனை உதிக்கச் செய்கின்றார் என அவர் உபதேசித்தாரெனினும், யூதரல்லாதார் ஒருவரைச் சபையிற் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது முதற் சீடர் தயங்கினர். உரோமப் படைத்தலைவனாகிய கொர்னேலியு என்பவனுடைய இல்லத்துக்குப் பேதுரு செல்லும் நிகழ்ச்சி அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரத்திலே விரிவாகக் கூறப்படுகின்றது. புறச்சாதியான் வீட்டினுள் நுழைதல் யூதனுக்கு ஆகாதென்று எண்ணியிருந்த பேதுரு, கடவுளிடத்திற் பட்சபாதம் இல்லையென்று அங்கே அறிந்துகொண்டார். பவுல் அடிகளோ இக்கருத்தையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். எல்லா மனிதரும் ஈடேறல் வேண்டுமென்பதே கடவுளின் சித்தம் என்னும் கருத்துத் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திற் காணப்படுகின்றது. பிற்காலத்து வாதங்கள் யாவும் அவ்வொரு வாக்கியத்தைச் சுற்றியே நடந்தன எனின் மிகையாகாது.

இவ்வினா கிறித்தவர்க்கு ஏன் இத்துணை இடர்ப்பாடு தந்தது என்பதைச் சைவ மாணாக்கர் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். சைவ சித்தாந்தத்திலே உயிர்க்குப் பிறவிகள் பல. மலம் பரிபாகமுறும் காலம் ஒருவர்க்கு இப்பிறவியில் வாய்க்கும். பிறிதொருவர்க்கு எத்தனையோ பிறவி கழித்து வாய்க்கும். சத்திநிபாதம் தாமதிக்கலாம், மறுக்கப்படுவதில்லை. கிறித்தவத்திலோ பிறவி ஒன்றே. இறப்புக்குப் பின் தீர்ப்பு. கதவு திறந்திருக்கும் காலம் ஓர் ஆயுட்காலமேயாயின், யேசுவின் பெயரையே கேளாது இறந்தவன் கதி யாது? ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சிளங் குழந்தையின் கதி யாது? ‘பொறுத்திருந்து பார்க்கலாம்’ என்னும் மறுமொழிக்கு அங்கே இடமில்லை.

மூன்றாம் நூற்றாண்டிலே கார்த்தேசு நகரத்து மேற்றிராணியாராயிருந்த சிப்பிரியானர், திருச்சபைக்குப் புறம்பே இரட்சணியம் இல்லையென்னும் கொள்கையை வற்புறுத்தினார். அவர் கருதியது சபையைப் பிளந்து வெளியேறியவரையே. சுவிசேடத்தைக் கேட்டறியாத மக்களையன்று. ஆயினும் சொல் சொன்னவனை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்டது. அகுஸ்தீனார் (354–430), ஆதாமின் பாவத்தால் மனுக்குலம் முழுவதும் தண்டனைக்குரிய ஒரே திரளாயிற்று என்றும், அத்திரளிலிருந்து கடவுள் தாம் தெரிந்தோரை மீட்கின்றார் என்றும் கொண்டு, ‘எல்லா மனிதரும்’ என்ற மறைமொழிக்கு ‘எல்லா வகை மனிதரும்’ எனப் பொருளுரைத்தார். 1442ஆம் ஆண்டிற் புளோரன்சுப் பொதுச்சங்கம், இறக்குமுன் சபையிற் சேராத அஞ்ஞானியும் யூதரும் நித்திய நெருப்புக்கு உரியர் என்று ஆணையிட்டது. சுவிசேடம் உலகெங்கும் முன்னரே கேட்கப்பட்டுவிட்டது என்றும், ஏலாதவர் வேண்டுமென்றே ஏலாதவர் என்றும் அக்காலத்து ஐரோப்பியர் எண்ணியிருந்தனர். ஐம்பது ஆண்டு கழிந்து கொலம்பசு கடல் கடந்தபோது அவ்வெண்ணம் உடைந்தது.

அது எவ்வாறு உடைந்தது என்பதற்குத் தமிழர் நன்கறிந்த ஒருவர் வரைந்த மடலே சான்றாகும். 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்த பிரான்சிஸ் சவேரியார் 1549இல் யப்பானை அடைந்தார். ஆங்கிருந்து மீண்டு 1552 சனவரியிற் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட மடலிலே ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். புதிதாக மனந்திரும்பிய யப்பானியர், நரகத்திலுள்ள தம் மூதாதையரைக் கடவுள் மீட்கலாகாதா என்று கேட்டனராம். ஆகாது என்று அவர் விடையிறுத்தாராம். அவர்கள் அழுதனர்; அவர்தம் துயரம் கண்டு தாமும் வருந்தியதை அவர் மறைக்கவில்லை. ஆடி அமாவாசையன்று தென்புலத்தாரை நினைந்து எள்ளும் நீரும் இறைக்கும் குடியிற் பிறந்தவர்க்கு அவ்வழுகையின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. தாம் ஈடேறுவதும் தம்மைப் பெற்றோர் எரிவதும் ஆகிய ஒரு நற்செய்தி எவ்வாறு நற்செய்தியாகும் என்பதே அவர்களது வினா. அதனை எழுப்பியவர் வாதத்தில் வல்ல பகைவரல்லர், நம்பி வந்தவர்களே.

உரோமச் சபை ஒரே நாளில் வழிமாறிற்றென்று கருதலாகாது. திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல், ஞானஸ்நானத்தை அவாவுதலும் அதனோடு ஒக்கும் எனக் கூறி ஒரு சிறுவழி திறந்தது. கிறித்து எல்லார்க்காகவும் இறந்தார் என்பதைத் தவறென்ற சன்சேனியர் 1653இற் கண்டிக்கப்பட்டனர். 1713இலே ஒரு விந்தை நிகழ்ந்தது. திருச்சபைக்குப் புறம்பே அருள் வழங்கப்படுவதில்லை என்று கேனல் என்பார் எழுதிய வசனத்தைப் பாப்பரசர் பதினோராம் கிளெமென்று தவறெனத் தள்ளினார். எனவே சபைக்குப் புறம்பே இரட்சணியம் இல்லை என்பதும் கொள்கை, சபைக்குப் புறம்பே அருள் உண்டு என்பதும் கொள்கை! இவ்விரண்டையும் பொருத்தும் முயற்சியே அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுக் கத்தோலிக்க இறையியலின் பெரும்பகுதி எனலாம். 1863இல் ஒன்பதாம் பயசு, வெல்லலாகாத அறியாமையாற் சபையை அறியாதிருந்து நேர்மையாய் வாழ்வோர் நித்திய வாழ்வடையலாம் என்று எழுதினார். 1949இல், பழைய வாக்கியத்தை எழுத்துக்கெழுத்துக் கொண்டு வாதித்த பொசுத்தன் நகரத்துக் குருவாகிய பீனியின் கொள்கையை உரோமாபுரி மறுத்தது. 1953இல் அவர் கீழ்ப்படியாமைக்காகச் சபைவிலக்குப் பெற்றார். சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்று அடித்துரைத்தவர் தாமே சபைக்குப் புறம்பானார்.

புரட்டஸ்தாந்தரிடையே இவ்வழக்கு வேறு உருவம் கொண்டது. கல்வீனுடைய வழியினர், கடவுள் சிலரை ஆதியிலே தெரிந்துகொண்டார் என்பர். இங்கிலாந்திலே யோன் வெஸ்லி அதனை மறுத்து, அருள் எல்லார்க்கும் இலவசமாய் உரியதென 1739இற் பிரசங்கித்தார். அதனாலே தம் உயிர்த்தோழராகிய வைட்பீல்டைப் பிரிந்தார். முதுமையில் அவர், கிறித்துவை அறியாத மக்களைத் தீர்ப்பிடத் தமக்கு அதிகாரமில்லை என்றும், அவர்களைப் படைத்தவரிடமே விட்டுவிடுவதாகவும் எழுதினார். அவர் வழிவந்த மெதடிஸ்தர் 1814இல் இலங்கையில் வந்திறங்கினர்; கல்வீனிய மரபிலே வளர்ந்த அமெரிக்க மிசனார் 1816இல் யாழ்ப்பாணம் புகுந்தனர். அருளைப் பற்றி ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு கொள்கைகள் ஒரே குடாநாட்டிற் பக்கத்துப் பக்கத்து ஊர்களிற் பள்ளி நடத்தின. பள்ளியிற் படித்த சைவப் பிள்ளைகளுக்கு அவ்வேற்றுமை தெரிந்திருக்குமோ என்பது ஐயமே.

யாழ்ப்பாணம் ஈன்ற மெதடிஸ்தருள் உலகறிந்தவர் தானியேல் தம்பிராசா நைல்ஸ் (1908–1970). 1948இல் ஆம்ஸ்டர்டாமிற் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க வழிபாட்டிற் பேசியவர். 1968இல் உப்சாலாவில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டமையால் அவர்க்குரிய இடத்திலே நின்று தொடக்கப் பிரசங்கம் செய்தவரும் அவரே. சுவிஸ் நாட்டு இறையியற் பேரறிஞர் கார்ல் பார்த்தைத் தாம் சந்தித்ததை நைல்ஸ் கூறியுள்ளார். பிற சமயங்கள் யாவும் அவிசுவாசமே என்று பார்த் உரைத்தார். எத்தனை இந்துக்களைத் தாங்கள் கண்டதுண்டு என்று நைல்ஸ் வினவினார். ஒருவரையும் கண்டதில்லை என்று விடை வந்தது. பின் எவ்வாறு அறிந்தீர் என்றதற்கு, அனுபவத்துக்கு முன்னரே பெறப்பட்ட முடிபு அது என்றாராம் பார்த். நைல்ஸ் புன்முறுவலோடு தலையசைத்தார். அயலிலே இந்துக்களோடு பிறந்து வளர்ந்தவர்க்கு அதற்குமேல் மறுமொழி தோன்றவில்லை போலும்.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமே கத்தோலிக்கர்க்குத் திருப்புமுனையாயிற்று. கொழும்பு அதிமேற்றிராணியார் தோமஸ் கூரேயும் அதிற் கலந்துகொண்டவர். 1964 நவம்பர் 21இல் நிறைவேறிய திருச்சபை பற்றிய கோட்பாடு, தம் குற்றமின்றிச் சுவிசேடத்தை அறியாதவர் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளினால் ஏவப்பட்டு, மனச்சான்று காட்டும் வழியில் நடப்பாராயின் அவர்க்கும் மீட்பு உண்டு என்றது. 1965 அக்டோபர் 28இல், இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பெயர் குறித்துப் பேசிய அறிக்கை 2,221 வாக்குக்கு 88 என்ற கணக்கில் நிறைவேறியது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் சபை தள்ளுவதில்லை என்று அது கூறிற்று. சவேரியார் யப்பானியர்க்கு அளித்த விடையை இனி அவ்வண்ணமே அளித்தல் எந்தக் கத்தோலிக்கக் குருவுக்கும் இயலாதாயிற்று.

இக்கொள்கைகள் ஏட்டளவில் நில்லாது தெருவில் நடமாடும் இடம் கொட்டாஞ்சேனை. புனித லூசியாள் பேராலயமும், தீபதுத்தாராமய விகாரையும், சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலும், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயமும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. அயன்மை எப்போதும் அன்பாய் இருந்ததில்லை. 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கப் பெருங்கலகம் மூண்டது. நூற்றுமுப்பத்தாறு ஆண்டு கழித்து, 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், மற்றுமோர் உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பலவிடத்தும் மாண்டோர் இருநூற்றைம்பதின்மருக்கும் மேல். திருத்தப்பெற்று யூன் 12இல் ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோருள் இந்துக்களும் பௌத்தரும் நெடுங்காலமாக உள்ளனர். நெற்றியில் நீறோடு வருபவரை எவரும் மறிப்பதில்லை. அவர்கள் ஞானஸ்நானம் பெறாதவர். அவர்களது வேண்டுதல் கேட்கப்படுகின்றதா? கேட்கப்படுகின்றதெனின் எந்த விதியால்? ஆலயத்துக்கு வரும் மக்கள் இதனை எண்ணி இடர்ப்படுவதில்லை. எண்ணி இடர்ப்பட்டவர் ஒரு குருவானவர்.

அவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார். 1924இற் பிறந்தவர், சிங்களவர், கொழும்பிலே அக்குவைனாசு பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராயிருந்து, 1971இற் சமூக, சமய ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியவர். 1990இல் ‘மரியாளும் மானிட விடுதலையும்’ என்னும் பொருள்பட்ட ஆங்கில நூலை வெளியிட்டார். தலைப்பு மாதாவைப் பற்றியதாயினும், நூலின் கூர்முனை சென்மபாவக் கொள்கையைத் தைத்தது. மனிதர் யாவரும் கடவுளிடமிருந்து அந்நியப்பட்டே பிறக்கின்றனர், ஞானஸ்நானமே அதனை நீக்கும் எனின், கிறித்துவுக்கு முன்னும் பின்னும் ஆசியாவில் வாழ்ந்து மறைந்த கோடானுகோடி மக்களைப் பற்றி யாது கூறுவது? அவர்களைப் படைத்த கடவுள் அன்பாயிருத்தல் எவ்வாறு? ஆதிக்கக் குடியேற்றத்தோடு வந்த சபைக்கு இக்கொள்கை எத்துணை வாய்ப்பாயிற்று? இவையே அவருடைய வினாக்கள். யப்பானியர் கண்ணீரோடு கேட்டதை அவர் நூலாக்கிக் கேட்டார் என்க.

1994இல் இலங்கை மேற்றிராணிமார் அந்நூலைப் பற்றி எச்சரித்தனர். கர்தினால் இராட்சிங்கர் தலைமையிலிருந்த உரோமாபுரி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அந்நூல் சென்மபாவத்தையும், கிறித்துவின் மீட்பு ஒப்பற்றதென்னும் கோட்பாட்டையும், பாப்பரசரின் தவறா வரத்தையும் மறுப்பதாகக் குற்றஞ்சாட்டியது. அடிகளார் நீண்ட மறுமொழி எழுதினார், ஏற்கப்படவில்லை. அவர்க்கென்றே வரையப்பட்ட விசுவாச அறிக்கையிற் கையொப்பமிடுமாறு பணிக்கப்பட்டார். அவரோ அதற்குப் பதிலாக ஆறாம் சின்னப்பர் 1968இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில் ஒப்பமிட்டு, வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வளர்ந்த இறையியற் சூழலில் ஒப்பமிடுவதாக ஒரு வாசகத்தையும் சேர்த்தார். அவ்வாசகம் குற்றமாயிற்று. 1997 சனவரி 2ஆம் நாளிட்ட அறிவித்தல் அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. வயது எழுபத்திரண்டு, துறவறம் புகுந்து அரை நூற்றாண்டு. பாப்பரசரிடம் செய்த முறையீடும் பயன்றரவில்லை.

உலகெங்கும் கத்தோலிக்கரிடையே எழுந்த மறுப்புரைகளுக்கிடையே ஓராண்டு கழிந்தது. 1998 சனவரி 15இற் கொழும்பிலே ஒப்புரவு நிகழ்ந்தது. மேலதிக வாசகமின்றி ஆறாம் சின்னப்பரின் அறிக்கையில் ஒப்பமிட்டார். தம் எழுத்துக்களிற் பிழைகள் காணப்பட்டன என்பதை ஏற்று, அதனால் விளைந்த தீங்குக்கு வருந்தினார். ‘காணப்பட்டன’ என்னும் சொல்லினுள் எவ்வளவு அடங்கும் என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர்.

சபையின் அச்சத்தையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். கிறித்துவின்றியும் எல்லார்க்கும் மீட்பு உண்டெனின், சிலுவை மரணம் எதற்கு? அருள் பொதுவென்பதும் அது கிறித்து வழியாகவே வருவதென்பதும் அவர்க்கு ஒரே கொள்கையின் இரு முகங்கள். ஒன்றை விடின் மற்றையது நில்லாது. இதனைக் காக்கவே செருமானிய இறையியலாளர் கார்ல் இரானர், பிற சமயத்திலே அருளுக்கு இசைந்து வாழ்வோரைப் ‘பெயர் பெறாத கிறித்தவர்’ என்றார். இரண்டாம் நூற்றாண்டிலே சோக்கிரதரைக் கிறித்தவர் எனக் கொண்ட யுஸ்தீனுவின் வழி இது. நம்மவருட் சிலர் இதனைக் கேட்டுச் சினப்பதுண்டு. தம்மைக் கேளாமலே தமக்குப் பெயரிடுவது முறையோ என்பர். சினம் நியாயமே. ஆனால், எந்தத் தெய்வத்தை எவர் வழிபட்டாலும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் உமையொருபாகனே என்று சிவஞானசித்தியாரிலே அருணந்தி சிவாசாரியார் கூறவில்லையா? அந்தோனியாரை வணங்கும் கத்தோலிக்கனைச் சைவன் ‘பெயர் பெறாத சைவன்’ என்றே கொள்கின்றான். இருசாராரும் ஒரே வகைப் பெருந்தன்மையையும் ஒரே வகை உரிமைகோரலையும் உடையர்.

அருள் பொதுவென்று நூலில் எழுதுதல் எளிது, கதவைத் திறத்தல் அரிது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. திருநாளைப்போவாரைப் பாடிப் பரவும் சைவர் ஊரிலே, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்டோர் உட்செல்லாது தடுக்கப்பட்டனர்.

பின்னைய நிகழ்ச்சிகள் இரண்டு. 2000ஆம் ஆண்டிற் கர்தினால் இராட்சிங்கர் வெளியிட்ட ஆவணம், பிற சமயத்தார் அருள் பெறுதல் கூடும் என்று ஒப்பியபோதும், சபையிலுள்ளோரோடு ஒப்பிட அவர் நிலை பெரிதும் குறையுடையதென்றது. வெள்ளவத்தையிலே புனித இலாரன்சு ஆலயமும் இராமகிருட்டின மிசனும் காலிவீதிச் சூழலில் அயலாய் இருக்கும் ஊரவர்க்கு அவ்வாசகம் கசந்தமை வியப்பன்று. அதே கர்தினால் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசராகியபின், 2007இல் அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவின் ஆய்வொன்றை வெளியிட இசைந்தார். ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தைகள் மீட்புப் பெறுவர் என்று நம்புதற்குத் தக்க ஏதுக்கள் உண்டு என்பது அதன் முடிபு. உறுதியெனக் கூறவில்லை, நம்பலாம் என்றே கூறிற்று. பாலசூரிய அடிகளார் அப்போது கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். 2013 சனவரி 17ஆம் நாள், தம் சபையினின்றும் பிரியாத குருவாகவே, எண்பத்தெட்டாம் வயதிற் காலமானார்.